மூன்றாவது குடம்

பூபாலனின் ஆப்பே சரக்கு ஆட்டோவுக்கு ஒரு குணம் உண்டு. நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்காது, ஓடச் சொன்ன இடத்தில் நின்றுவிடும். அன்றைக்கு அதிசயமாக நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் ஒழுங்காக நின்றது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு டீ சொல்லி ஒரு வாய் உறிஞ்சியும் விட்டான். இரண்டாவது வாய்க்குள் மயிலாள் வந்துவிட்டாள்.

“வண்டிய எடு.”

“அக்கா, டீ இருக்குதுங்க.”

“டீயையும் எடுத்துக்க.”

மயிலாள் வக்கீல் இல்லை. வக்கீல் வீட்டு வாசல்படி ஏறப் பயப்படுகிறவர்களுக்காக இருக்கிற சட்ட உதவி மையத்தில் தன்னார்வலர். மனு எழுதித் தருவாள், யாரிடம் போக வேண்டும் என்று வழி சொல்வாள், முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து உட்கார வைப்பாள். அதற்கு முன்னால் பல வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆயிரம் பீஸில் ஒரு பீஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. கம்பெனியை விட்டு வந்தாலும் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியாதல்லவா?

பூபாலனும் அந்த மையத்தின் தன்னார்வலர் பயிற்சியை முடித்தவன்தான். கம்பெனிக்குக் கம்பெனி பீஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற பிழைப்புக்கு நடுவே, மயிலாளுக்குச் சாரதி, உதவியாளர், வாய் ஓயாத துணை. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்ட மாட்டான். வண்டிக் கண்ணாடியில் எலுமிச்சம்பழத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தான்.

மயிலாளுக்குப் பின்னால் ஒரு பெண் வந்து வண்டியில் ஏறினாள். முப்பது வயசு இருக்கும். மடியில் ஒரு பள்ளிக்கூடப் பை, ஆனால் கூடப் பிள்ளை இல்லை.

“சித்ரகலா. ஓவர்லாக் டெய்லர்,” என்றாள் மயிலாள். “பொழுதோட அஞ்சு மணிக்கு இவிய கேஸ்தான் பேச்சு. ஊட்டு ஓனர் லிங்கசாமி ரெண்டு வாய்தா தள்ளுனாரு. இன்னிக்குத் திடீர்னு, நானே வர்றேன்னு போன் பண்ணிட்டாரு. அதுக்குள்ள நாம அந்த ஊட்டைப் பாத்தாகோணும்.”

போகிற வழியில் சித்ரகலா கதையைச் சொன்னாள். அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே போனால் லிங்கசாமி காம்பவுண்டு. எதிரெதிரே லைன் வீடுகள். புருஷன் இறந்த பிறகு அவளும் மகளும் அங்கேதான் குடியிருந்தார்கள். ஆடி பிறந்த சமயம் மூலனூரில் அவளுடைய அம்மா விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மகளையும் கூட்டிக்கொண்டு ஓடினாள். அம்மாவைத் தேற்றிவிட்டுப் பத்து நாளில் திரும்பி வந்தால் கதவில் வேறு பூட்டு. உள்ளே வேறு ஆள்.

“வீட்டு ஓனரோட அக்கா பையன் மகுடேஸ்வரன்னு, பல்லடத்துத் தோட்டக்காரரு. அவருதான் மாசாமாசம் வந்து, ரசீது இல்லாம வாடகை வாங்கிட்டு, லைனைப் பாத்துக்கறவரு. நீ தை மாசமே காலி பண்ணிட்டியே, நான்தான் அப்ப இருந்து இங்க குடியிருக்கறேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாருங்க. எனக்கு என்ற மேலயே சந்தேகம் வந்துருச்சுங்க.”

“நீங்க இருந்ததுக்கு என்ன சாட்சின்னு கேட்டா?” என்றான் பூபாலன்.

“லைன்ல எல்லாருக்கும் தெரியுமுங்க. ஆனா யாரும் வாய் திறக்க மாட்டேங்கறாங்க.” அவள் பையை இறுக்கிக்கொண்டாள். “நான் கம்பெனி ஹாஸ்டல்ல படுத்துக்கறனுங்க. அங்க புள்ளைய விட மாட்டாங்க. அவ மூலனூர்லயே கெடக்கறா. இன்னிக்குப் பேச்சு முடியலைன்னா திங்கக்கெழம அவளுக்கு டி.சி. வாங்கி அங்கயே சேத்தோணும். அவ ஒரு பக்கம் நான் ஒரு பக்கமுங்க.”

சொல்லும்போது அழவில்லை. அதுதான் பூபாலனுக்குத் தாங்க முடியவில்லை. கேலி பேச ஒன்றும் தோன்றாமல் ஹாரனை அடித்தான்.

காம்பவுண்டுக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது நடுவில் இருந்த குழாயும், அதன் முன்னால் வரிசை கட்டி நின்ற பிளாஸ்டிக் குடங்களும்தான். குழாயடியில் பெண்கள் சிலர் போர்வெல் உப்புத்தண்ணீரில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். சித்ரகலாவைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பாத்திரத்தின் மேல் அக்கறை வந்துவிட்டது.

மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பாதி திறந்தது. மகுடேஸ்வரன் தலையை நீட்டினான். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு. வில்லன் என்று பூபாலன் மனதில் வரைந்து வைத்திருந்த முகத்துக்கும் இந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. பரீட்சைக்குப் படிக்காமல் போனவன் முகம் அது.

“வாங்க வாங்க. மாமன் சொன்னாருங்க, மையத்துல இருந்து வருவாங்கன்னு. உக்காருங்க.”

“தையில இருந்து நீங்கதான் இருக்கறீங்களா சாமி?” என்றாள் மயிலாள்.

“ஆமாங்க. இந்த அம்முணி தையிலயே போயிட்டாங்க.”

“ஏனுங்க, ஆனி மாசம் நீங்கதானுங்களே வந்து இந்த பல்பை மாத்திக் குடுத்தீங்க!” என்றாள் சித்ரகலா.

மகுடேஸ்வரன் அவளைப் பார்க்காமல் பல்பைப் பார்த்தான். பல்பு அவனுக்கு உதவி செய்யவில்லை.

“இவிய சாமான் எங்கீங்க?” என்று கேட்டாள் மயிலாள்.

“விட்டுட்டுப் போனதெல்லாம் பரண்ல பத்திரமா இருக்குதுங்க. எப்ப வேணா எடுத்துக்கலாம்.”

பூபாலன் எட்டிப் பார்த்தான். தையல் மிஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. பரணில் புடவை மூட்டை, பாத்திர மூட்டை, பிள்ளையின் புத்தக மூட்டை. ஒவ்வொன்றும் மூலை மடக்கி முடிச்சுப் போட்டு அழகாகக் கட்டியிருந்தது. “நம்ம ஊட்ல என்ற துணியை இப்புடி ஒருத்தரும் கட்டி வெக்கலக்கா,” என்று மயிலாளின் காதில் சொன்னான். அவள் கண் சமையல் மேடையில் இருந்தது. அடுப்பின் மேல் ஒரு பால் பாத்திரம். அதை அவள் பார்த்த பார்வையைப் பார்த்து, பாவம் அக்காவுக்கு டீ வேண்டும்போல என்று பூபாலன் நினைத்துக்கொண்டான்.

“குடிக்கச் சித்த தண்ணி குடுங்க சாமி.”

கேட்டதும் மகுடேஸ்வரன் ஓடினான். வளர்ப்பு அப்படி, பொய் சொல்லுகிறவனாக இருந்தாலும் தண்ணீர் கேட்டால் நிற்க முடியாது. எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தான். டம்ளரின் அடியில் கடை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நல்ல தண்ணி. குழாயில புடிச்சதுங்களா?”

“ஆமாங்க.”

“என்னிக்கு வருது இங்க?”

“தினமும் காலையில வருமுங்க. வந்தா ஒரு குடம் புடிச்சு வெச்சுக்குவேன்.”

குழாயடியில் ‘க்ளுக்’ என்று ஒரு சத்தம். யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் குனிந்து பாத்திரம் விளக்கினார்கள். அதில் ஒருத்தி மட்டும் விளக்கியதையே மறுபடி விளக்கிக்கொண்டிருந்தாள்.

மயிலாள் தண்ணீரைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கதவு உடனே சாத்திக்கொண்டது.

குழாயடியில் விசாரணை ஆரம்பமானது. நடந்தது என்று சொல்ல முடியாது. சட்டை போடாமல் நின்ற ஒரு பீகார் பையன், “மாலும் நஹி பய்யா” என்று, தனக்குத் தெரியாது என்பதுபோலக் கையை விரித்தான்.

“இவனுக்குத் தமிழ் தெரியுமுங்க்கா. போன வாரம் மூட்டை எறக்கறதுல என்றகூட இலக்கணத் தமிழ்ல சண்டை போட்டவன்,” என்றான் பூபாலன்.

மறுபடி மறுபடி விளக்கிக்கொண்டிருந்தவள் பெயர் தெய்வாத்தாள். நாலாவது வீடு. கேட்கும் முன்னாலேயே பதில் வந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அந்தப் புள்ளைய நான் பாத்ததே இல்லீங்க.”

சித்ரகலாவின் முகம் விழுந்துவிட்டது. “அக்கா, உங்க புள்ளைக்கு நான் தெச்சுக் குடுத்த பாவாடை அங்க கொடியில காயுதுங்களே அக்கா.”

தெய்வாத்தாள் கொடியைப் பார்த்தாள். பிறகு மூடியிருந்த மூன்றாவது வீட்டுக் கதவைப் பார்த்தாள். கண் கலங்கியது. மறுபடி பாத்திரத்தை எடுத்து விளக்க ஆரம்பித்தாள்.

மயிலாள் யாரையும் வற்புறுத்தவில்லை. குட வரிசையின் பக்கம் போய்க் குனிந்து நின்றாள்.

“அதென்னக்கா பீஸா, டேமேஜ் பாக்கறதுக்கு?”

“கழுத்தைப் பாருடா.”

அப்போதுதான் பூபாலன் கவனித்தான். ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் ஒரு பனியன் துணிப் பட்டை கட்டியிருந்தது. குடங்கள் எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே நிறம். எது யாருடையது என்று தெரிய, அவரவர் கம்பெனிக் கட்டிங் வேஸ்டில் ஒரு பட்டை கிழித்துக் கட்டிவிடுவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நிறம். அந்த நிறம்தான் அந்த வீட்டின் இடம். ஆள் இல்லாவிட்டாலும் குடம் வரிசையில் நிற்கும். அதைத் தாண்டி யாரும் பிடிக்க மாட்டார்கள்.

முதல் குடத்தில் வெளுத்த நீலம். இரண்டாவதில் நரைத்த மஞ்சள். மூன்றாவதில் பச்சையும் சிவப்பும் கோடு போட்ட ரிப் துணி, புத்தம் புதுசு. மற்றக் குடமெல்லாம் காலி. மூன்றாவது மட்டும் நிறைந்து, மேலே ஒரு தட்டு கவிழ்த்திருந்தது. மயிலாள் தட்டைத் தூக்கினாள். தூசி தும்பு இல்லாத தண்ணீர்.

“என்றதுதானுங்க!” என்றாள் சித்ரகலா. “பழைய பட்டை பிஞ்சுருச்சுன்னு ஆனிக் கடைசியில கம்பெனியில இருந்து கொண்டாந்து கட்டினனுங்க. ஊருக்குப் போறப்ப குடத்தை வரிசையில விட்டுட்டுப் போனேன். காலியாத்தான் விட்டுட்டுப் போனேன்.”

“சரி, மகுடேஸ்வரனோட குடம் எங்க?” என்று பூபாலன் எண்ணிப் பார்த்தான். குடியிருக்கிற வீடு எத்தனையோ அத்தனை குடம். அவனுக்கென்று ஒன்றுமில்லை. “அக்கா! தையில இருந்து இருக்கறவனுக்கு வரிசையில எடமே இல்ல!”

“கேன் தண்ணி வாங்கறேன்னு சொல்லிருவான்டா.” மயிலாள் நிமிர்ந்தாள். “ஆனா அவன் அப்புடிச் சொல்லல. தினமும் வருதுன்னான். பல்லடத்துல தோட்டத்து ஊட்ல பொறந்து வளந்த பையன். சொந்தக் கெணறு, சொந்த மோட்டார். சுவிச்சுப் போட்டாத் தண்ணி. குடத்தைத் தூக்கிட்டு வரிசையில நின்னவன் எவனும் அந்தப் பொய்ய சொல்ல மாட்டான்.”

போவதற்கு முன்னால் பட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு தெய்வாத்தாளின் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு ஏதோ சொன்னாள். என்ன என்று பூபாலனுக்குக் கேட்கவில்லை. தெய்வாத்தாள் முதலில் தலையை ஆட்டி மறுத்தாள். அப்புறம் யோசித்தாள். அப்புறம், விளக்கி முடித்த பாத்திரத்தைக் கடைசியாகக் கீழே வைத்தாள்.

சித்ரகலாவின் கம்பெனி கூப்பிடு தூரம். கட்டிங் மாஸ்டர் ஆத்தப்பன் கதவருகில் வந்து, போனில் இருந்த படத்தைப் பார்த்ததுமே சிரித்தார்.

“இந்தத் தொல்லையை எங்கம்மா புடிச்சீங்க? இது எங்க கிறிஸ்துமஸ் ஆர்டரு. சின்னப் புள்ளைங்க டீசர்ட்டுக்குக் கழுத்து ரிப்பு. இந்தப் பச்சை சரியில்ல, அந்தப் பச்சை சரியில்லன்னு ஆர்டர் குடுத்த வெளிநாட்டுப் பையர் உசுர வாங்கிட்டான். ஆனி கடைசியிலதான் துணியே கைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னால இந்தக் கோடு ஒலகத்துலயே கெடையாதுங்க.”

“வேற கம்பெனியில?”

“ஒருத்தருக்கும் குடுக்கல. பொழுதோட கேட்டீங்கன்னா போன்ல சொல்றேன், வரச் சொன்னா வர்றேன். சித்ரகலா நம்ம புள்ள.”

வண்டிக்குத் திரும்பும்போது பூபாலனுக்குத் தலைகால் புரியவில்லை. “ஆடி மாசத்துல கிறிஸ்துமஸ் நடத்தற ஊரு நம்மூரு ஒண்ணுதானுங்க்கா. அந்தக் கிறிஸ்துமஸ் இவனை மாட்டிவிட்டுருச்சு பாருங்க! தையில காலி பண்ணுனவங்க குடத்துல ஆனியில வந்த துணி எப்புடி ஏறுச்சு?”

“யாரோ கட்டிவிட்டாங்கன்னு சொன்னா?”

பூபாலனின் உற்சாகம் பஞ்சர் ஆனது. “ஆமால்ல.”

“அதுக்குத்தான் ஒரு சாட்சியை வரச் சொல்லியிருக்கறேன். வாயில்லாத சாட்சி.”

சாயங்காலம் மையத்து அறையில் மேசைக்கு ஒரு பக்கம் சித்ரகலாவும் மயிலாளும். எதிரில் வெள்ளைச் சட்டையில் லிங்கசாமி, அவருக்குப் பின்னால் சுவரோடு சுவராக மகுடேஸ்வரன். நடுவில் மையத்தின் வக்கீல் அம்மா. பூபாலன் கதவோரத்தில் நின்றான். உட்காரச் சொன்னால் வாய் சும்மா இருக்காது என்று மயிலாளே அங்கே நிறுத்தியிருந்தாள்.

லிங்கசாமி வந்ததும் வராததுமாகச் சூடாக இருந்தார்.

“ஏனுங்க அம்மா, ஒரு பொம்பளப் புள்ளைய நான் தெருவுல தள்ளிட்டேன்னு பேப்பர் அனுப்பறீங்க. நான் அப்புடிப்பட்ட ஆளுங்களா? வந்தா என்ற கோவத்துல ஏதாச்சும் சொல்லிருவேன்னு ரெண்டு தடவை வரலீங்க. ராத்திரி ஊட்ல கேட்டாங்க, தப்பு இல்லீன்னா எதுக்கு ஒளியறீங்கன்னு. அதான் வந்துட்டேன். இந்தம்மா தையில காலி பண்ணிருச்சு, என்ற மருமவன் அங்க இருந்து லைனைப் பாத்துக்கறான். அவன் சொன்னான், நான் நம்பறேன். அவன் பொய் சொல்ற பையன் இல்லீங்க.”

சுவரோடு இருந்த மகுடேஸ்வரன் இன்னும் கொஞ்சம் சுவருக்குள் போனான்.

“வாடகைக்கு இருக்கறவங்களைக் கோர்ட் உத்தரவு இல்லாம வெளிய வெக்க முடியாதுங்க,” என்றார் வக்கீல் அம்மா. “அவங்க ஆனி வரைக்கும் அங்க இருந்தாங்களாங்கறதுதான் கேள்வி.”

“இருந்ததுக்கு என்னங்க சாட்சி?”

கேட்ட வாய் மூடுவதற்குள் கதவு திறந்தது. தெய்வாத்தாள் உள்ளே வந்தாள். இடுப்பில் மூன்றாவது குடம். பஸ்ஸில் ஏறி, பஸ்ஸை விட்டு இறங்கி, படி ஏறி, அத்தனை தூரமும் தளும்பாமல் கொண்டுவந்த தண்ணீரை மேசைமேல் வைத்தபோது கொஞ்சம் தளும்பியது. வக்கீல் அம்மா அவசரமாகக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டார்.

“தெய்வா? நீ எங்க இங்க?” என்றார் லிங்கசாமி.

தெய்வாத்தாள் குடத்தின் கழுத்துப் பட்டை தெரியும்படி அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

மயிலாள் பட்டையின் கதையைச் சொன்னாள். ஆத்தப்பனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் பச்சையில் ஆரம்பித்து பையரைத் திட்டி முடித்தார். லிங்கசாமி நெற்றியைச் சுருக்கினார்.

“அது சரிங்க. அந்தப் பட்டையை வேற யாரும் கட்டியிருக்கலாமுல்ல?”

“கட்டியிருக்கலாமுங்க. ஆனா காலி பண்ணிட்டுப் போனவங்க குடத்துக்கு லைன்ல யாராச்சும் மூணாவது எடத்தை விட்டு வெப்பாங்களா? அதுவும் தண்ணி புடிச்சு ரொப்பி, தட்டும் போட்டு?” மயிலாள் தெய்வாத்தாளைப் பார்த்தாள். “யாரு புடிச்சு வெச்சதுங்க?”

தெய்வாத்தாள் மகுடேஸ்வரனைப் பார்த்தாள். பிறகு ரொம்பப் பணிவாகச் சொன்னாள்.

“தம்பி எங்களை வாயத் தொறக்கக் கூடாதுன்னு மட்டுந்தானுங்க சொன்னாரு. குடத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க. அதான் தண்ணி வந்தப்ப மொதல்ல சித்ரகலாவுக்குப் புடிச்சு வெச்சனுங்க.”

சித்ரகலா அதுவரை அடக்கியிருந்தது அப்போது உடைந்தது. குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நான் பாத்ததே இல்லேன்னீங்களே அக்கா,” என்றாள் அழுகைக்கு நடுவே. “அதுக்குத்தான் கண்ணு இத்தன தூரம் சொமந்துட்டு வந்தேன்,” என்றாள் தெய்வாத்தாள்.

லிங்கசாமி மெதுவாகத் திரும்பினார்.

“மாப்ளே. நம்ம லைனுக்கு நல்ல தண்ணி எப்பப்பா வருது?”

“தி... தினமும்...”

“தினமுமா!” லிங்கசாமி எழுந்தேவிட்டார். “பத்து நாளைக்கு ஒருக்கா வந்தாலே பெருசுடா! அந்தத் தண்ணிக்காகக் கார்ப்பரேசனுக்கு நடந்து என்ற செருப்பு தேஞ்சது எனக்குத்தான் தெரியும். நீ அங்க ஒரு மாசங்கூட இருந்ததில்ல.”

வீட்டுக்காரர் தன் பக்கத்து சாட்சியைத் தானே குறுக்கு விசாரணை செய்து கவிழ்த்ததைப் பூபாலன் அதுவரை எங்கும் பார்த்ததில்லை. கைதட்டலாமா என்று மயிலாளைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே கூடாது என்றாள்.

லிங்கசாமி சித்ரகலாவின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். “தெரியாம நடந்து போச்சு அம்முணி. சாவி இன்னிக்கே உங்க கைக்கு வந்துரும்.” பிறகு மருமகனிடம், “எதுக்குடா பண்ணுன? உனக்கு என்ன ஊடா இல்ல? தோட்டத்து ஊட்ல நாலு ரூம்பு சும்மா கெடக்குது.”

மகுடேஸ்வரன் தரையைப் பார்த்தான்.

“எதுக்குன்னு எனக்குத் தெரியுமுங்க,” என்றாள் மயிலாள். “ஆனா அதை நான் இங்க சொல்ல மாட்டேன். அது இந்தத் தம்பியோட சொந்த சமாச்சாரம். ஊட்டைக் குடுத்துட்டா எங்க வேலை முடிஞ்சுது. அதுக்கு மேல உதவி வேணும்னா தம்பி என்ற மேசைக்குத் தனியா வரலாம். எல்லாருக்கும் தொறந்த கதவுதான்.”

பூபாலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லிங்கசாமிக்கும் விளங்கவில்லை. விளங்கியது மகுடேஸ்வரனுக்கு மட்டும்தான். அவன் தலை நிமிர்ந்தது. மாமனின் பக்கம் வந்து நின்றான்.

“மாமா, எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க.”

லிங்கசாமியின் துண்டு தோளில் இருந்து நழுவியது.

“ஆடி மாசத்துலயாடா?” என்றார் லிங்கசாமி. அதிர்ச்சியில் அவருக்கு முதலில் வந்த கேள்வி அதுதான்.

“ஆவணியில அவளுக்கு அவிய ஊர்ல நிச்சயம் பண்றதா இருந்தாங்க. ரெண்டு பேரும் போய் ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டோம். சாத்தூர்ப் பக்கம் பொண்ணு. நம்ம ஆளுங்க இல்லீங்க. தோட்டத்துக்கு எப்புடிக் கூட்டிட்டு வர்றது? வாடகைக்குத் தேடுனா ஆடியில ஒருத்தரும் ஊடு குடுக்க மாட்டேங்கறாங்க. மூணாம் நம்பர் பூட்டியே கெடந்துச்சு. ஊருக்குப் போறவங்க பாதிப் பேரு திரும்பி வர்றதில்லையேன்னு பூட்டை ஒடைச்சுட்டேன். அந்தக்கா வந்து நின்னதும் பயத்துல வாய்ல வந்தது தையின்னு. அப்புறம் அதை மாத்த முடியல.” சித்ரகலாவைப் பார்த்தான். “உங்க புள்ளைய நெனச்சு எனக்குச் சோறு எறங்கலீங்க்கா. தப்புதானுங்க.”

சித்ரகலா அவனை நேராகப் பார்த்தாள். “என்ற புள்ள எந்த ஊட்ல தூங்கறதுன்னு தெரியாம இருந்துச்சுங்க,” என்றாள். அதற்கு மேல் அவனைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை, மன்னிக்கவும் அந்த நிமிஷத்தில் வரவில்லை.

லிங்கசாமியின் முகம் சிவந்து கறுத்தது. வக்கீல் அம்மா சாந்தமாக, ஆனால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “ரெண்டு பேரும் மேஜருங்க. பதிவு பண்ணுன கல்யாணம். அவங்க மேல யாரும் கை வெக்கக் கூடாது. மிரட்டுனா நாங்களே போலீஸ் பாதுகாப்புக்கு எழுதுவோம்.”

“நான் எதுக்குங்க கை வெக்கறேன்?” என்றார் லிங்கசாமி. குரல் இறங்கியிருந்தது. “கல்யாணத்துக்குக் கோவம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதுக்குத் தனியா கோவப்பட்டுக்கறேன், அது எங்க ஊட்டுச் சண்டை. ஆனா ஒரு தாயையும் புள்ளையையும் பிரிச்சு வெச்சுட்டு, அதுக்கு என்ற பேரையும் இழுத்துவிட்டியே, அதுக்கு முதல்ல பதில் சொல்லு.” துண்டை உதறித் தோளில் போட்டார். “இன்னிக்கே சாமானத் தூக்கு.”

“எங்கீங்க மாமா போறது?”

லிங்கசாமி வாசல்வரை போய்விட்டார். அங்கே நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“லைன்ல கடைசி ஊட்ல கோழித்தீவன மூட்டை கெடக்குது. எறக்கிப் போட்டுட்டு அங்க இருங்க.”

“ஆடியில நீங்க ஊடு குடுக்க மாட்டீங்களே?”

“ஊடு எவன் குடுத்தான்? அது குடோனு. ஆவணி பொறந்தாத்தான் ஊடு.”

சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். பூபாலன் இந்தத் தடவை மயிலாளைப் பார்க்காமலேயே கைதட்டிவிட்டான்.

வண்டியில் திரும்பும்போது அவனுக்கு மண்டை குடைந்தது. “பொண்ணு ஒருத்தி இருக்கறான்னு உங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுதுங்க்கா? நானும் அங்கதான நின்னேன்? மூட்டை அழகாக் கட்டுனதை வெச்சா?”

“அதும்தான். ஆனா அடுப்பு மேல பால் பாத்திரம் பாத்தியே, அதுல என்ன இருந்துச்சு?”

“பால்.”

“மஞ்சளும் குங்குமமும் வெச்ச பொட்டு, அழியாம. புதுசாக் குடி போறவங்க காய்ச்சுன பால். தனிக்கட்டைப் பையன் அதெல்லாம் வெக்க மாட்டான். அதுவும் இந்த ஆடியில பால் காய்ச்சறவங்க யாரு?” மயிலாள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். “வேற வழியில்லாதவங்கதான்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் குழாயில் காற்று சீறியது. “தண்ணி வருதுங்கோ!” என்று பீகார் பையன் நல்ல தமிழில் கத்தினான். லைன் முழுக்க விழித்துக்கொண்டது. சித்ரகலாவின் மூட்டைகளையும் மிஷினையும் திருப்பி எடுத்து வைக்க உதவ வந்திருந்த பூபாலனும் மயிலாளும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வரிசையின் கடைசியில் புதுக் குடம் ஒன்று. அதன் பின்னால் மஞ்சள் கயிறு மின்ன ஒரு சின்னப்பெண், கழுத்தில் அடையாளம் ஏதும் கட்டாத தன் குடத்தைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றாள். சித்ரகலாவை ஏறிட்டுப் பார்க்க அவளால் முடியவில்லை.

“அக்கா, காலி வீடுன்னுதான் இவுக சொன்னாக. சுவத்துல பிள்ளை உசரம் அளந்து கோடு போட்டிருந்ததப் பாத்தப்பவே எனக்கு மனசு கேக்கல. அதுல சுண்ணாம்பு படாமப் பாத்துக்கிட்டேன்க்கா.”

சித்ரகலா தன் குடத்தின் பச்சை சிவப்புப் பட்டையை அவிழ்த்தாள். பல்லால் கடித்து நடுவில் இரண்டாகக் கிழித்தாள். பாதியைத் தன் குடத்தில் கட்டிவிட்டு, மீதிப் பாதியைக் கடைசிக் குடத்தின் கழுத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“ஒரு நெறம் ரெண்டு ஊட்டுக்கு வருமா?” என்றாள் தெய்வாத்தாள்.

“கம்பெனியில வேற நெறம் வர்றவரைக்கும் இருக்கட்டுங்க்கா.”

அதற்குள் மூன்றாவது குடம் நிரம்பி வழிந்தது. மூலனூரில் இருந்து முந்தின நாள்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த சித்ரகலாவின் மகள் ஓடிவந்தாள். “நான் தூக்கறேன்மா,” என்று ஒரு பக்கம் பிடித்தாள். சித்ரகலா மறுபக்கம் பிடித்தாள். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, வழியெல்லாம் சிந்திக்கொண்டு, குடத்தை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள்.